ஈயமேட்டில் பாதை விட்டு இறங்கினேன்

1

ஆவணி மாதத்தில் ஒரு நாளுக்கு எங்கள் வீட்டில் 'கால் நாள்' என்று பெயர். என் இடது கால் முழங்காலுக்குக் கீழே போன நாள் அது. அன்றைக்கு நான் வேலைக்கு லீவு போடுவேன். இவர், அதாவது என் கணவர், காலையில் கோப்பி போட்டுத் தருவார். ஏன் லீவு, ஏன் கோப்பி என்று இருவரும் பேசுவதில்லை. மத்தியானம் கோழிக்கறி, பின்னேரம் ஒரு படம். லண்டனில் நோர்பரி வீட்டில் இருபத்துச் சொச்ச வருடங்களாக அந்த நாள் இப்படித்தான் கழிந்தது.

இந்த வருடம் அது சனிக்கிழமையில் வந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன் மகள் ஆரணி லீட்ஸிலிருந்து போன் எடுத்தாள். எங்களுக்கு ஒரே பிள்ளை. படிப்பு முடிந்ததும் அங்கேயே ஒரு கட்டட நிறுவனத்தில் வேலை கிடைத்து வடக்கேயே தங்கிவிட்டாள். வார இறுதிகளில் சிநேகிதிகளோடு மலை, மேடு என்று நடக்கப் போவாள். முதலில் தினமும் கதைத்தாள், பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், பிறகு வாட்ஸப்பில் படங்கள் மட்டும். அந்தப் படங்களில் அவளுக்குப் பின்னால் ஒரு மரம்கூட இல்லாத பெரிய வெளி இருக்கும். நான் கட்டைவிரல் குறி ஒன்று போட்டுவிட்டு உலையைப் பார்க்கப் போய்விடுவேன்.

"அம்மா, இந்த முறை உங்கட கால் டேக்கு நீங்களும் அப்பாவும் இஞ்ச வாங்கோ. நான் ஒரு கொட்டேஜ் புக் பண்ணிட்டன். நாங்கள் மைன்ஸில நடக்கப் போறம்."

மைன் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எனக்கு ஒரே பொருள்தான். மிதிவெடி. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகளில் எழுத்துக்கூட்டிப் படித்த சொல் அது. நான் சரியாகக் கற்றுக்கொண்ட முதல் ஆங்கிலச் சொல் என்றுகூடச் சொல்லலாம்.

"ஹலோ? அம்மா? கேக்குதோ?"

"என்ன மைன்ஸ் பிள்ளை?"

"லெட் மைன்ஸ். பழைய... ஐயோ, தமிழில என்ன? மண்ணுக்குள்ள ஓட்டை போட்டு, ஈயம் எடுக்கிற..."

"சுரங்கம்."

"சுரங்கம் எண்டா டியூப் ரெயின் எல்லோ? அப்பா அப்பிடித்தானே சொல்லுறவர்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் காரணம் தெரியாமலே சிரித்தாள். ஒரே சொல்லுக்குள் அவள் ஈயத்தை வைத்திருந்தாள், நான் வெடிமருந்தை வைத்திருந்தேன். சிரித்த சூட்டோடு, "ஓம், வாறம்" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் நெஞ்சு அடித்துக்கொண்டது. பயத்தால் மட்டுமல்ல. அவள் போகும் இடத்துக்கு அவள் என்னைக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை.

2

கால் போன கதையை நீட்டப்போவதில்லை. ஊரில் இருக்கும் உங்களுக்கு அது புதினம் அல்ல. இடம்பெயர்ந்து போயிருந்தோம், சண்டை தள்ளிப் போனதும் திரும்பி வந்தோம். எனக்குப் பத்தொன்பது வயது. எங்கள் வீட்டுக்கு ஒழுங்கை சுற்றி வளைந்து வரும். பக்கத்து வெறுங்காணியால் குறுக்கே போனால் கிட்ட. பள்ளிக்கூடம் போன காலமெல்லாம் அப்படித்தான் போனேன். அன்றைக்கும் போனேன். புல் வளர்ந்திருந்தது. அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்தில் முதல் செயற்கைக் கால் செய்து தந்தார்கள். அதில் சைக்கிள் ஓடப் பழகினேன். கலியாணப் பேச்சு வந்தபோது இவர் லண்டனிலிருந்து போன் எடுத்து, சுகம் விசாரித்து, நெடுநேரம் தயங்கி, கடைசியில் கேட்ட கேள்வி, "நீர் சைக்கிள் ஓடுவீரோ?" என்பதுதான். "ஓடுவன்" என்றேன். "அப்ப சரி" என்றார். அந்த 'அப்ப சரி'யில்தான் லண்டனுக்கு வந்து சேர்ந்தேன்.

இங்கே கால்கள் நல்லவை. லேசானவை. இப்போது போட்டிருப்பது எனக்கு எத்தனையாவது கால் என்பது நினைவில் இல்லை. நோர்பரியில் ஒரு கடையின் பின்பக்கத்தில் இருக்கும் தபாற்கந்தோர் கவுண்டரில் வேலை. உட்கார்ந்து செய்யும் வேலை என்பதால் வாடிக்கையாளர் பலருக்கு என் கால் விஷயமே தெரியாது. தெரிந்தது அரசாங்கத்துக்கு மட்டும்தான். ஊனமுற்றோர் பெனிபிட்டுக்காகச் சில வருடங்களுக்கு ஒருமுறை யாராவது போனில் விசாரிப்பார்கள். ஆரம்ப காலத்தில் ஒரு தடவை ஒரு பெண்குரல், கடந்தமுறைக்குப் பிறகு உங்கள் நிலையில் ஏதாவது மாற்றம் உண்டா என்று கேட்டது. அப்போது என் ஆங்கிலம் மெதுவானது. கேள்வியை நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டு, "இல்லை, அது இன்னும் திரும்பி வரவில்லை" என்று மரியாதையாகச் சொன்னேன்.

ஆனால் அரசாங்கத்துக்கும் தெரியாத ஒன்று இருந்தது. நான் புல்லில் கால் வைப்பதில்லை. லண்டனில் வெயில் எட்டிப் பார்த்தால் போதும், சனம் பூங்காப் புல்லில் விழுந்து படுத்துவிடும். நான் தார்ப்பாதையில் நிற்பேன். இந்த மண்ணுக்குக் கீழே ஒன்றும் இல்லை என்று எனக்கு நன்றாகவே தெரியும். முழங்காலுக்குத்தான் தெரியாது. அது மடங்க மறுத்துவிடும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

3

வெள்ளிக்கிழமை காரில் புறப்பட்டோம். இவர் சோறு அவிக்கும் குக்கர், மிளகாய்த்தூள், ஒரு வாளி, இரண்டு போர்வை எல்லாம் ஏற்றினார். வடக்கே யோர்க்ஷயரில் வாளி இருக்காது என்று யார் சொன்னார்களோ தெரியாது. பின்னேரம் சுவேல்டேல் என்ற பள்ளத்தாக்குக்குள் இறங்கியபோது கார்க் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே போட்டுப் பார்த்தேன். இரண்டு பக்கமும் கல்மதில்கள் மேடேறிப் போயின. மதில் முடியும் இடத்திலிருந்து மேலெல்லாம் ஊதா. ஹீதர் என்ற பற்றைச்செடி ஆவணியில்தான் பூக்குமாம். கணுக்காலுக்கு மேலே நிற்கும் சின்னச் செடி, கண்ணுக்கு எட்டிய மட்டும் அதுதான். ஆரணியின் படங்களில் இது ஒருநாளும் இப்படித் தெரிந்ததில்லை. அவள் எங்களுக்கு முன்பே கொட்டேஜுக்கு வந்திருந்தாள்.

சனி காலையில் புதுச் சப்பாத்தோடு மல்லுக்கட்டினேன். செயற்கைப் பாதம் கணுக்காலில் மடங்காது. மலைச் சப்பாத்தோ கணுக்காலுக்கு மேல் வரும். பவுடர் தட்டி, சப்பாத்துக் கரண்டி விட்டு, ஆரணி பிடித்து இழுக்க, இவர் என் தோளைப் பிடித்து அழுத்த, ஒருவழியாகக் கால் உள்ளே போனது. மூவரும் கைதட்டினோம். மிஞ்சிய காலுக்கும் அதைச் செருகும் செயற்கைக் காலின் கிண்ணத்துக்கும் இடையில் போடும் கம்பளிக் காலுறைகளில் நாலைந்து உபரியாகப் பையில் வைத்தேன். நடக்க நடக்க மிஞ்சிய கால் சற்றுச் சுருங்கும், உறை கூட்டவேண்டி வரும். கையில் ஊன்றிப் போக இரண்டு தடிகள்.

இவர் வரவில்லை. "பாலத்தடியில காரோட நிக்கிறன். எனக்கு முழங்கால் சரியில்லை" என்றார். இரண்டு காலும் உள்ளவர் இப்படிச் சொல்ல, ஒரு காலை மட்டும் நம்பிப் புறப்பட்ட நான் தடிகளை ஊன்றி நடந்தேன்.

பாதை நல்ல பாதை. அகலமானது, கல் பாவியது. அந்தக் காலத்தில் குதிரைகள் ஈயத்தைச் சுமந்து இறங்கிய வழி என்று ஆரணி சொன்னாள். பக்கத்தில் ஓடை. கொஞ்சத் தூரத்தில் கூரையில்லாத பெரிய கல்கட்டடம் ஒன்று வந்தது. ஈயம் உருக்கிய ஆலை. அதன் பின்னாலிருந்து மேட்டின் உச்சிவரை, கல்லால் மூடிய நீண்ட வாய்க்கால் ஒன்று படுத்துக் கிடந்தது. பாதி இடிந்துவிட்டது.

"அதுக்குள்ளாலதான் புகை போறது அம்மா. மேல சிம்னிக்கு. போற வழியில ஈயம் சுவரில ஒட்டும். பிறகு ஆக்கள் உள்ளுக்குப் போய்ச் சுரண்டி எடுக்கிறவை."

"உள்ளுக்கோ? அந்த நஞ்சுக்குள்ளயோ?"

"ஓம். அதுவும் வேலைதானே."

சரிவில் வரிசையாகக் கல்தூண்கள் நின்றன. மேலே ஒன்றும் இல்லை. அடுப்பெரிக்கும் கரிமண்ணை அங்கேதான் காயவைத்தார்களாம். இன்னும் தள்ளிச் சின்ன வீடு ஒன்று. கதவு இருந்த இடத்தால் எட்டிப் பார்த்தேன். அடுப்படியில் ஒரு செம்மறி படுத்திருந்தது. நான்தான் வழிதவறி அதன் வீட்டுக்குள் வந்தவள் போல என்னைப் பார்த்தது.

"இஞ்ச இருந்த சனம் எங்கே?"

"போயிட்டினம். வேற நாட்டிலயிருந்து மலிவா ஈயம் வரத் தொடங்கினதும் மைன்ஸ் எல்லாம் மூடிட்டுது. கொஞ்சப்பேர் நிலக்கரி எடுக்க, கொஞ்சப்பேர் பஞ்சு மில்லுக்கு. கனபேர் அமெரிக்காவுக்கு."

நான் அந்த வாசலிலேயே நின்றுவிட்டேன். உங்களுக்கு இது சின்ன விஷயமாகப் படலாம். வெள்ளைக்காரர் என்றால் விசா கொடுப்பவர்கள், மறுப்பவர்கள், கவுண்டருக்கு அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ தங்கள் இடத்தில் நிற்பவர்கள். இத்தனை வருடத்தில் அப்படித்தான் கண்டிருக்கிறேன். அவர்களிலும் ஊரோடு எழும்பிப் போனவர்கள் இருந்தார்கள், சட்டி பானையைக் கட்டிக்கொண்டு இந்தக் குதிரைப்பாதையால் இறங்கிப் போனார்கள் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. எனக்கு ஏதோ புதுச் சொந்தக்காரரைக் கண்டுபிடித்த மாதிரி இருந்தது. "ஹாய்" என்று செம்மறிக்குச் சொன்னேன். ஆரணி விழுந்து விழுந்து சிரித்தாள்.

4

ஆலையைத் தாண்டி ஏறினோம். மூச்சு வாங்கியது, ஆனால் கால் நன்றாக ஒத்துழைத்தது. ஏறுவது சுகம், இறங்குவதில்தான் கவனம் வேண்டும் என்று கால் செய்து தரும் பையன் முன்கூட்டியே சொல்லியிருந்தான். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "இன்னும் மேல போவமோ? அந்த வளைவுக்கு அங்கால என்ன?" என்று நான்தான் கேட்டுக்கொண்டு போனேன்.

வளைவுக்கு அங்கால் ஒரு மஞ்சள் பலகை நின்றது. முக்கோணம். அபாயம், பழைய மைன்கள், பாதையை விட்டு விலகவேண்டாம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

படித்து முடிக்கும் முன்னரே உடம்பு நின்றுவிட்டது. தடியைப் பிடித்த கைகள் வியர்த்தன. இடது பாதத்தில், அதாவது இல்லாத பாதத்தில், விரல்கள் மடங்குவது தெரிந்தது.

"அம்மா? கால் நோகுதோ?"

"இல்லை."

"பின்ன?"

பலகையைக் காட்டினேன். அவளுக்கு உடனே விளங்கவில்லை. பிறகு விளங்கியது. "ஓ மை கோட்" என்று வாயைப் பொத்தினாள். "அம்மா, அது... இது அந்த மைன் இல்லை. ஐ நெவர் தோட்... சொறி, சொறி அம்மா."

"தெரியும் பிள்ளை. எனக்குத் தெரியும். இந்தக் காலுக்குத்தான் தெரியாது."

அன்றுவரை யாரிடமும் சொல்லாததை அந்தப் பலகைக்கு முன்னால் நின்று சொன்னேன். புல்லில் கால் வைப்பதில்லை என்பதை, பூங்காவில் ஏன் தார்ப்பாதையை விட்டு வருவதில்லை என்பதை. அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். அவள் முகம் மாறியது. நான் எதிர்பார்த்த மாதிரி அல்ல.

"அப்ப பள்ளிக்கூட ஸ்போர்ட்ஸ் டே?"

"ஓம்."

"எல்லாற்ற அம்மாமாரும் கிரவுண்டுக்குள்ள வந்தவை. நீங்கள் கேற்றடியில நிண்டனீங்கள். நான் ரிபனை வாங்கிக்கொண்டு கேற்றுக்கு ஓடி வந்தன், உங்களுக்குக் காட்ட. ஒவ்வொரு வருஷமும்."

"ஓம் பிள்ளை."

"நான் நினைச்சன், ஆக்கள் உங்கட காலைப் பாப்பினம் எண்டு உங்களுக்கு வெக்கம் எண்டு. எனக்கு அது சரியான கோவம். பிறகு உங்களை ஒரு இடத்துக்கும் கூப்பிடுறேல்லை எண்டு முடிவெடுத்தன். ஐ ஜஸ்ட் ஸ்டொப்ட் ஆஸ்கிங். ஏன் சொல்லேல்லை நீங்கள்?"

"சொன்னா நீயும் புல்லில ஓடமாட்டாய் எண்டுதான்."

அவள் கண்ணைத் துடைத்தாள். "ஒரு நிமிஷம் அம்மா. ஜஸ்ட் ஒரு நிமிஷம்" என்று கையைக் காட்டிவிட்டு, பாதையை விட்டு இறங்கி, ஹீதருக்குள்ளால் நடந்தாள். அழும்போது தனியாகப் போவது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். நான் கூப்பிடவில்லை. பலகையில் எழுதியிருந்தது அவளுக்கு அப்போது நினைவில் இல்லை.

5

அந்தச் சரிவின் நடுவே ஒரு பெரிய பிளவு உண்டு. ஈயம் எங்கே இருக்கிறது என்று பார்க்க, மேலே அணை கட்டித் தண்ணீரைத் தேக்கி, ஒரேயடியாக உடைத்துவிடுவார்களாம். தண்ணீர் மண்ணை அள்ளிக்கொண்டு போக, பாறை தெரியும். இந்தப் பிளவுகளுக்கு ஹஷ் என்று பெயர். 'உஷ், சத்தம் போடாதே' என்ற ஹஷ்தான். அந்தப் பெயரை நினைத்து நான் பிறகு எத்தனையோ தடவை சிரித்திருக்கிறேன். அந்த நேரத்தில் கல் உருளும் சத்தம்தான் கேட்டது. பிறகு ஒரு கத்தல்.

"அம்மா!"

ஒரு கிரிக்கெட் மைதானத்தின் அகலம் இருக்கும் எங்களுக்கு இடையில். அவள் தலை மட்டும் பிளவின் விளிம்பில் தெரிந்தது.

"கால் திரும்பிட்டுது! ஊன்றேலாது!"

"விழுந்தனியோ? தலை அடிபட்டதோ?"

"இல்லை! கால் மட்டும்தான்! நீங்கள் வராதேங்கோ! போய் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ!"

போனைப் பார்த்தேன், சிக்னல் இல்லை. பாதையில் மேலும் கீழும் ஒருவரும் இல்லை. இவர் நிற்கும் பாலத்துக்குப் போய்த் திரும்ப மத்தியானம் கடந்துவிடும். மேற்கே கறுப்பு மேகம் ஒன்று வந்துகொண்டிருந்தது. அவள் சொன்னது நியாயமான யோசனைதான், மறுக்கவில்லை. ஆனால் என் பிள்ளை பழைய மைன் மேட்டில் காலைப் பிடித்துக்கொண்டு இருக்கிறாள், நான் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடப்பதா?

பாதையின் ஓரத்தில் நின்று குனிந்து பார்த்தேன். அவள் போன வழியில் ஹீதர் மடங்கிக் கிடந்தது. ஊரில் அந்த நாட்களில் பழகிய ஒன்று உண்டு. முன்னால் போனவரின் அடிச்சுவட்டில் மட்டும் கால் வைப்பது. நல்ல காலை அவள் மிதித்த இடத்தில் வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மற்றதையும் வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

"அம்மா, வேணாம்! சுரங்கம் இருக்கும்!"

என்ன ஒரு நேரத்தில் அந்தச் சொல்லைச் சரியாகப் பாவித்தாள், பாருங்கள்.

"தடியால தட்டிப் பாத்துத்தான் வாறன்! நீ அசையாதை!"

பாதித் தூரத்தில் அவளுடைய சுவடு இல்லாமல் போனது. ஹீதர் ஒரு சுருள்கம்பி மாதிரி. மிதித்தால் மடங்கும், கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்துவிடும். எனக்கு முன்னால் எல்லாம் ஒரே ஊதா. யார் காலும் படாத மாதிரி. அங்கே நான் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. காற்று அடித்தது, பூக்களிலிருந்து தேன் மணம் வந்தது. முழங்கால் மடங்க மறுத்தது. அதோடு வாய்விட்டுக் கதைத்தேன். "இஞ்ச பார், அது ஒரு காணி. இது வேற காணி. அங்க இருக்கிறது என்ர பிள்ளை" என்றேன்.

தடியை ஊன்றினேன். நிலம் கெட்டியாக இருந்தது. அடுத்து எங்கே வைப்பது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானே ஒரு இடத்தைத் தெரிவுசெய்து வைத்தேன். பிறகு இன்னொரு இடம். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக யோசிக்கவில்லை. தட்டு, வை, தட்டு, வை. வாயில் ஏதோ ஒரு பாட்டு வந்தது, என்ன பாட்டு என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு தடவை செடியின் வேரில் செயற்கைப் பாதம் மாட்டி முகங்குப்புற விழுந்தேன். விழுந்த இடமும் மெத்தென்றிருந்தது! எழும்பினேன். அவள் தேம்பித் தேம்பி அழுதுகொண்டு கைகளை நீட்டினாள். நானும் அழுதுகொண்டுதான் போனேன். ஆனால் அது அழுகைதானா என்பதில் எனக்குச் சந்தேகம். உடம்பெல்லாம் ஒரு துடிதுடிப்பு. கத்தவேண்டும் போல இருந்தது. கத்தினேன்.

"வந்திட்டன்! பிள்ளை, நான் வந்திட்டன்!"

6

பிளவுக்குள் அவள் வழுக்கி விழுந்தது கொஞ்ச ஆழம்தான். கணுக்கால் வீங்கியிருந்தது. சப்பாத்தைத் தளர்த்திக் கழற்றி, பையிலிருந்த என் கம்பளி உறையில் ஒன்றை அவள் காலில் இறுக்கமாக ஏற்றி, இன்னொன்றைக் கிழித்துச் சுற்றிக் கட்டினேன். முக்கால்வாசிப் பேருக்கு அது என்ன பொருள் என்றே தெரியாது, அவளுக்கு நன்றாகப் பொருந்தியது.

"இது உங்கட ஸ்டம்ப் சொக்ஸ் எல்லோ?"

"தோய்ச்சதுதான். பேசாமல் இரு."

அவள் அழுகையினூடே சிரித்தாள். ஒரு தடியை அவளுக்குக் கொடுத்து, மற்றப் பக்கம் நான் தோள் கொடுத்து, பாதைக்குத் திரும்பினோம். திரும்பும்போது வந்த சுவட்டை நான் தேடவில்லை. பாதி வழியில்தான் அதைக் கவனித்தேன். அவளிடம் சொல்லவில்லை, எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

இறக்கம் நீண்டது. மழை பெய்து ஓய்ந்தது. ஸ்போர்ட்ஸ் டேயில் என்ன ஓட்டத்தில் ரிபன் எடுத்தாள் என்று கேட்டேன். சாக்கு ஓட்டம், முட்டைக் கரண்டி ஓட்டம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். யாரோ ஒரு பெட்டை முட்டையைப் பெருவிரலால் அமத்திப் பிடித்து ஏமாற்றியதைச் சொல்லும்போது இன்னும் கோபம் வந்தது அவளுக்கு. கேற்றடியில் நின்றதால் எனக்குத் தெரியாமல் போன எல்லாவற்றையும் அந்தக் குதிரைப்பாதையில் கேட்டேன். அவள் பாரம் முழுவதும் என் தோளில். இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து என்னைத்தான் எல்லாரும் பிடித்து ஏற்றுவார்கள், பஸ்ஸில் எழும்பி இடம் தருவார்கள். என்னில் ஒருவர் சாய்ந்து நடப்பது எனக்குப் புதிது. தோள் வலித்தது. வலிக்கட்டும் என்றிருந்தது.

பாலத்தடியில் இவர் பிளாஸ்கோடு நின்றார். இரண்டு பேர் நொண்டி வருவதைக் கண்டதும் பிளாஸ்கைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"என்ன நடந்தது? உம்மட காலோ?"

"என்ர கால் சுகம். பிள்ளையின்ர காலைப் பாருங்கோ."

அவர் என் காலைப் பார்த்தார், அவள் காலைப் பார்த்தார், பிறகு இரண்டு பேரின் முகத்தையும் பார்த்தார். "பின்ன ஏன் சிரிக்கிறியள்?" என்றார். ஆரணி தடியை என்னிடம் தந்துவிட்டு அவர் தோளில் கை போட்டாள்.

கிட்டிய பட்டணத்துச் சிகிச்சை நிலையத்தில் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்து, எலும்பு முறியவில்லை, சுளுக்குத்தான் என்றார்கள். கட்டை அவிழ்த்த தாதி, இந்தக் காலுறையை எங்கே வாங்கினீர்கள், நல்ல சாமானாக இருக்கிறதே என்று கேட்டாள்.

7

மறுநாள் காலை ஆரணி காலை உயர்த்தி வைத்துக்கொண்டு சோபாவில் இருந்தாள். எனக்கு வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. மேலே போய்ப் பார்க்காமல் லண்டனுக்குத் திரும்புவதா? கொட்டேஜின் சொந்தக்காரி செம்மறி வளர்ப்பவள். அவளிடம் கேட்டேன். சிம்னிக்கு அங்கால் இருக்கும் திட்டில் குழி ஒன்றும் இல்லை, தன் ஆடுகள் அங்கேதான் மேய்கின்றன, தாராளமாக நடக்கலாம் என்றாள்.

"இஞ்சருங்கோ, வெளிக்கிடுங்கோ" என்றேன் இவரிடம்.

"முழங்கால்..."

"ஆறுதலாப் போவம்."

பிள்ளையும் அங்கிருந்து, "அப்பா, போங்கோ!" என்று விரட்டினாள். ஆறுதலாக, மெதுமெதுவாகத்தான் போனோம். ஆனால் அவருடைய முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. ஏற்றத்தில் என்னை விடச் சுகமாக ஏறினார். சிம்னியடியில் பாதை முடிந்தது. அதற்கு அங்கால் திட்டு, ஊதாவாக, வானம் வரைக்கும். நான் இறங்கினேன். முதல் அடியில் மட்டும் முழங்கால் கொஞ்சம் முரண்டு பிடித்தது. பிறகு வந்தது. கொஞ்சத் தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால் அவர் பாதையிலேயே நிற்கிறார்.

"வாங்கோவன்!"

"நான் இதில நிக்கிறன். நீர் போட்டு வாரும்."

"ஏன்?"

"சும்மா. கால் உளையுது."

குளிர்காற்று அடித்துக்கொண்டிருந்தது. அவர் நெற்றி வியர்த்திருந்தது. அந்த வியர்வை எனக்குத் தெரிந்த வியர்வை. இத்தனை வருடமும் பூங்காவில் என் பக்கத்தில் தார்ப்பாதையில் நின்ற மனிதனை அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகப் பார்த்தேன். திரும்பி அவரிடம் நடந்தேன்.

"நீங்களுமோ?"

அவர் ஹீதரைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார். இங்கு வர முன்னர், ஊரைவிட்டு வெளிக்கிட்ட இரவில், வயலுக்குள்ளால் வரிசையாகப் போயிருக்கிறார்கள். அவருக்கு முன்னால் போனவர் அவருடைய சிநேகிதன். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை.

"ஏன் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை?"

"உமக்குக் கால் போயிருக்கு. எனக்கு ஒண்டும் போகேல்லையே. நான் என்னெண்டு சொல்லுறது?"

எனக்கு அந்தச் சிம்னியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழவேண்டும் போல இருந்தது. அழவில்லை. தடியின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டு மறுமுனையை நீட்டினேன்.

"நான் போற இடத்தில கால் வையுங்கோ."

பிடித்தார். இறங்கினார். மெதுவாகப் போனோம், நான் முன்னால், அவர் பின்னால். திட்டின் நடுப்பகுதிக்கு வந்தபோது தடியில் பாரம் குறைந்ததை உணர்ந்தேன். திரும்பினால், அவர் தடியை விட்டுவிட்டு எனக்குப் பக்கவாட்டில், தன் எண்ணத்துக்கு நடந்துகொண்டிருந்தார். கைகளை அகட்டி, கயிற்றில் நடப்பவர் போல. முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு.

அந்த நேரம் பார்த்து அவர் காலடியில் ஏதோ வெடித்தது.

ஒரு பறவை. கோழியளவு பெரிய, சிவந்த காட்டுக்கோழி ஒன்று செடிக்குள்ளிருந்து படபடவென்று கிளம்பி, கடகடவென்று திட்டிக்கொண்டு சரிவில் பறந்து போனது. இவர் "ஐயோ அம்மா!" என்று கத்தி, கைகளை மேலே தூக்கி, மல்லாக்க விழுந்தார். எனக்கு உயிர் போய் வந்தது.

"இஞ்சருங்கோ! என்ன? அடிபட்டதோ?"

தடியை ஊன்றிக்கொண்டு என்னால் முடிந்த வேகத்தில் போனேன். ஊதாவுக்கு நடுவில் அவர் வானத்தைப் பார்த்தபடி கிடந்தார். தோள் குலுங்கியது. பயந்து குனிந்து பார்த்தேன். மனிதன் சிரிக்கிறார். சத்தமே வராமல், கண்ணீர் ஒழுக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்.

"கோழி!" என்றார். "கோழியப்பா அது!"

"எழும்புங்கோ."

"ஏலாது. இது நல்ல மெத்தை. நீரும் வாரும்."

மேலே மேகம் ஓடியது. கீழே ஆலை, ஓடை, கதவில்லாத வீடு எல்லாம் சின்னதாகத் தெரிந்தன. கொட்டேஜில் பிள்ளை சாப்பாட்டுக்குப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று சொன்னேன். இருக்கட்டும் என்றார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, சப்பாத்துடனேயே காலைக் கழற்றி ஹீதருக்குள் வைத்துவிட்டு, நானும் நீட்டி நிமிர்ந்து படுத்தேன்.